தமிழில் எழுதக் காத்திருந்த உயில்

பாறசாலைப் பக்கத்தில் எங்களுக்கு ஒரு வீடும் கிணறும் நாலைந்து தென்னையும் இருந்தன. அவ்வளவுதான் சொத்து. அது எப்படி என் கையை விட்டுப் போனது என்பதைத்தான் எழுதுகிறேன்.

பூவாரில் என்னைக் கட்டிக்கொடுத்திருந்தார்கள். கணவன் செத்ததும் அப்பா வீட்டுக்குத் திரும்பினேன். அப்பாவுக்குப் பக்கவாதம். மலமும் மூத்திரமும் அள்ளியது நான். அண்ணன்கள் இரண்டு பேரும் ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வருவார்கள், கட்டிலருகே ஜெபம் சொல்வார்கள், மீன்குழம்பு ஊற்றிச் சாப்பிட்டுவிட்டுப் போவார்கள்.

எங்கள் கிறிஸ்தவச் சட்டத்தில் அன்று, ஆண்மக்கள் இருந்தால் மகளுக்குச் சீதனத்தோடு சரி. அப்பன் உயில் எழுதி வைத்தால்தான் மேற்கொண்டு ஏதாவது கிடைக்கும். அப்பாவுக்கும் அது தெரியும். "வீடு உனக்காக்கும்" என்று போதகர் முன்னாலேயே சொன்னார்.

பத்திரம் எழுதுகிறவரை அழைத்துவரக் கிளம்பினேன். அப்பா தடுத்தார்.

"மலையாளத்துல எழுதினதுல நான் கையொப்பிட மாட்டேன் மக்கா. நம்ம தாலுகா தமிழ்நாட்டோட சேரட்டு. அப்புறம் ஆபீஸ்ல தமிழ்லயே பதியலாம்."

"அதுக்குள்ள உங்களுக்கு ஒண்ணு ஆச்சுன்னா?"

"ஏட்டி, என்னைக் குழியில வைக்க உனக்கு அவ்வளவு அவசரமா?" பாதி வாயால் சிரித்தார்.

பெரிய அண்ணன் தலையாட்டினான். "அப்பா சொல்லது நேராக்கும். தமிழ்லயே எழுதலாம். இப்ப என்ன தீயா பிடிக்குது?" தமிழ்நாட்டோடு சேர நடந்த எல்லைப் போராட்டத்தில் ஒரு கூட்டத்துக்கும் போகாதவன் அவன்.

பிறகு போராட்டக்காரர்களைத் தேடி ஊரில் போலீஸ் புகுந்தது. ஆண்கள் ஆற்றைத் தாண்டி ஒளிந்தார்கள். அப்பா கட்டிலில் கிடந்தபடி, வருகிறவர்களிடமெல்லாம் "எல்லை எங்க வந்துது?" என்று கேட்டார். உயிலைப் பற்றி நான் வாயைத் திறந்தால் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொள்வார். அந்த நிலையில் ஒரு மனிதரை நான் என்ன செய்ய முடியும்?

எல்லை முடிவாகும் முன்பே போய்விட்டார். பிறகு முடிவு வந்தது. விளவங்கோடு தமிழ்நாட்டோடு அந்தப் பக்கம், எங்கள் நெய்யாற்றின்கரை தாலுகா கேரளத்தோடு இந்தப் பக்கம். நாங்கள் இந்தப் பக்கம்.

வீட்டை விற்க அண்ணன்கள் ஆள் பிடித்தார்கள். வாங்குகிறவர், எனக்கு எந்தப் பாத்தியதையும் இல்லை என்று நான் எழுதித் தர வேண்டும் என்றார். பதிவு ஆபீஸ் வாசலில் பத்திரம் எழுதுகிறவரிடம் என் கதையைச் சொன்னேன். அவர் எழுதுவதை நிறுத்தினார்.

"உயிலைப் பதியணும்னு உங்கிட்ட யாரு சொன்னது? வெள்ளைக் கடலாசு போரும். தமிழ்லயும் எழுதலாம். அப்பா ஒப்பிட்டு, ரெண்டு பேரு சாட்சி ஒப்பிட்டா உயிலாக்கும். பின்னே சாட்சியில ஒருத்தரு கோர்ட்டுல வந்து சொன்னா, உயில் செல்லும்னு புரோபேட் உத்தரவு கிட்டும்."

அந்தக் கட்டிலருகே போதகரும் ஆலய வேலை பார்க்கும் கோயில்குட்டியும் எத்தனை முறை உட்கார்ந்து காப்பி குடித்திருக்கிறார்கள்! இரண்டு சாட்சி. வீட்டில் காகிதமும் இருந்தது.

பெரிய அண்ணனைப் பார்த்தேன். "உனக்குத் தெரியுமா?" என்று கேட்டேன். அவன் செருப்பை மாட்டிக்கொண்டு வெற்றிலைக் கடைப்பக்கம் போனான்.

பத்திரத்தை மலையாளத்தில் வாசித்துக் காட்டினார்கள். ஒவ்வொரு வார்த்தையும் எனக்குப் புரிந்தது. ஒப்பு எந்தப் பாஷையில் என்று கேட்டேன்.

"எதுலயும் போடலாம். செல்லும்."

தமிழில் போட்டேன். திரும்பி வந்தபோது சின்ன அண்ணன் எனக்கு முன்பே வீட்டுக்கு வந்து கிணற்றுக் கயிற்றைக் கழற்றிக்கொண்டிருந்தான். குடிக்கத் தண்ணீர் பக்கத்து வீட்டில் வாங்கினேன்.