அணித்தலைவிகளிடம் அகப்பட்ட டீச்சர்

சாரணியர் ஆசிரியை என்பது யாரும் கேட்டு வாங்கும் பொறுப்பு இல்லை. நாம் லீவு போட்ட நாளில் ஆசிரியர் கூட்டம் நம் பேரில் எழுதிவிடுவது. தென்காசியில் ஒரு பெண்கள் பள்ளியில் வேதியியல் எடுக்கும் எனக்கும் அப்படித்தான் வந்தது. மே மாதம் குற்றாலம் பக்கம் ஒரு மாந்தோப்பில் மூன்று நாள் முகாம், இருபத்து நான்கு பிள்ளைகள். முகாமை நடத்த வேண்டியவர்கள் ஒன்பதாம் வகுப்பு அணித்தலைவிகள். அவர்களைத் தயார் செய்வது மட்டும்தான் என் வேலை. பள்ளியில் இப்படிக் கூடுதல் பொறுப்பு சுமக்கும் சக பாவப்பட்டவர்களே, நான் ஆடிப்போன கதைகளை உங்களிடம்தான் சொல்ல முடியும்.

மயங்கி விழுந்தேன்

முதலுதவிப் பயிற்சி என்று முன்கூட்டியே சொன்னால் பிள்ளைகள் சிரித்துக்கொண்டே கட்டுப் போடுவார்கள். அதனால் ஒரு சனிக்கிழமை, கயிற்றில் முடிச்சுப் போடச் சொல்லிக்கொடுக்கும்போதே வராந்தாவில் சரிந்து விழுந்தேன். கண்ணை மூடிக்கொண்டு காதை மட்டும் திறந்து வைத்திருந்தேன். அணித்தலைவி கௌசல்யா கூட்டத்தை விலக்கினாள். இன்னொரு அணித்தலைவி, மேலகரத்திலிருந்து வரும் இசக்கியம்மாள், என்னை ஒருக்களித்துப் படுக்கவைத்தாள். நன்றாகச் செய்கிறார்களே, இன்னும் கொஞ்சம் நடிப்போம் என்று கிடந்தேன். அதுதான் தப்பு.

சைரன் சத்தம் பள்ளிக்கூட வாசலுக்குள் வந்தபிறகுதான் கண்ணைத் திறந்தேன். பூட்டிக் கிடந்த என் போனிலேயே அவசர அழைப்பை அழுத்தி, இசக்கி ஆம்புலன்ஸை வரவழைத்துவிட்டாள். ஸ்ட்ரெச்சரோடு ஓடிவந்தவர் முன்னால் எழுந்து உட்கார்ந்து, சேலையைச் சரிசெய்தபடி, இது பயிற்சி என்று விளக்கினேன். அவர் கோபப்பட்டிருந்தாலாவது தேவலை. மூச்சு வாங்கிக்கொண்டே மரியாதையாகச் சொன்னார்: "முடிஞ்சிட்டுன்னா சொல்லிருங்க டீச்சர். இலத்தூர் விலக்கு ரோட்டுல ஒருத்தரு நெசமாவே விழுந்து கெடக்காராம்."

போலீஸ்காரர் வந்தார்

அன்று வெட்கம் எனக்கு, திட்டு இசக்கிக்கு. "இனிமே என்னைக் கேக்காம போனைத் தொடக்கூடாது" என்று எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டேன். அடுத்த வாரம் அவள் அப்பா சீருடையோடு ஆசிரியர் அறை வாசலில் வந்து நின்றார். பெண்ணை முகாமுக்கு அனுப்ப மறுக்கத்தான் வந்திருக்கிறார் என்று முடிவுகட்டி, கூட வரும் ஜெயா டீச்சர், கழிப்பறை, காவலாளி என்று ஒன்றுவிடாமல் ஒப்பித்தேன். கடைசிவரை கேட்டுவிட்டுச் சொன்னார்:

"அதெல்லாம் சரி டீச்சர். நான் அனுப்பமாட்டேன்னு சொல்லல, அவதான் வரமாட்டேங்கா. 'டீச்சர் நெசமாவே விழுந்துட்டா அவங்கள்ட்டயே எப்படிக் கேக்க'ன்னு கேக்கா. எனக்குப் பதில் தெரியல, நீங்களே சொல்லுங்க."

மூன்றாவது வரிசை

திட்டிய அதே வராந்தாவில், அதே பிள்ளைகள் முன்னால், நான் சொன்னது தப்பு என்று இசக்கியிடம் சொன்னேன். ஆபத்து என்று தோன்றினால் யாரையும் கேட்காமல் கூப்பிடு என்றேன். அவள் முகாமுக்கு வந்தாள்.

முதல் நாள் மத்தியானம் மாமரத்தில் கௌசல்யா ஒட்டியிருந்த வேலைப் பட்டியலில், குப்பைக் குழி வெட்டுவதற்கு நேராக என் பெயரும் ஜெயா டீச்சர் பெயரும் இருந்தன. வெட்டினோம். பசி தாங்காமல் தட்டோடு சாம்பார் வாளியை நோக்கி நான் போக, கௌசல்யா கரண்டியைக் குறுக்கே நீட்டினாள். "கையக் கழுவிட்டு வாங்க டீச்சர். சமைச்சவங்க மொதல்ல, சின்னப் பிள்ளைங்க ரெண்டாவது, நீங்க மூணாவது வரிசை."

குளவி

மறுநாள் காலையில் காற்று தூக்கியதில், கூரையாகக் கட்டியிருந்த தார்ப்பாய் ஒரு பக்கம் சாய்ந்தது. மேல் கிளையில் கயிற்றை வீசி இழுத்துக் கட்டச் சொன்னேன். கௌசல்யா வீசினாள். இலைகளுக்குள் இருந்த குளவிக்கூட்டைக் கயிறு உரசிவிட்டது. பிள்ளைகள் போர்வையைத் தலையில் இழுத்துக்கொண்டு ஓடினார்கள். இரண்டு பேருக்கு ஒவ்வொரு கொட்டு. எனக்குக் கழுத்தில் மட்டும் ஐந்தாறு. கொஞ்ச நேரத்தில் உதடு தடித்தது, தொண்டைக்குள் யாரோ துணியைத் திணித்த மாதிரி இருந்தது.

"ஒண்ணுமில்ல, சரியாப் போயிரும்" என்று சொல்ல நினைத்தேன். பாதிதான் வெளியே வந்தது. அதற்குள் இசக்கி போனில் பேசிக்கொண்டிருந்தாள்: "கழுத்துல குளவி கொட்டிருக்கு. மூச்சு இழுக்குது, குரல் மாறிட்டு. தோப்பு வாசல்ல செவப்புத் துணியோட ஆள் நிக்கும்." இத்தனை பிள்ளைகளை விட்டுவிட்டு நான் எப்படிப் போவது? போனைப் பிடுங்கக் கை நீட்டினேன். அவள் போனை மறு காதுக்கு மாற்றிக்கொண்டாள்.

"கையக் கீழ போடுங்க டீச்சர். இப்ப நீங்க நோயாளி."

குறை ஒன்று

ஆஸ்பத்திரியில் ஊசி போட்டு, ஒரு நாள் படுக்கவைத்தார்கள். பெற்றோர்கள் வந்து பிள்ளைகளைக் கூட்டிப் போயிருப்பார்கள், முகாம் முடிந்தது என்றே நினைத்துக் கிடந்தேன். மறுநாள் மத்தியானம் தோப்புக்குத் திரும்பினால் இருபத்து நான்கு தட்டுகள் வெயிலில் காய்ந்துகொண்டிருந்தன. ஜெயா டீச்சரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, அணித்தலைவிகளே வீடு வீடாகப் போன் போட்டு நடந்ததை மறைக்காமல் சொல்லி, முகாமைத் தொடரச் சம்மதமும் வாங்கியிருக்கிறார்கள். கொட்டு வாங்கிய இரண்டு பேரையும் டாக்டரிடம் காட்டிக் கூட்டி வந்துவிட்டார்கள். என் கண் நிறைந்துவிட்டது.

கண்ணைத் துடைப்பதற்குள் நிறைவுக் கூட்டம் தொடங்கிவிட்டது. நல்லதையும் குறையையும் பூசி மெழுகாமல் எழுதி வாசிக்க வேண்டும் என்று சொல்லிக்கொடுத்தவள் நான்தான். கௌசல்யா எழுந்தாள். என்னைப் பார்த்தாள். பிறகு நோட்டைப் பார்த்து வாசித்தாள்: "குறை ஒண்ணு: மரத்த அண்ணாந்து பாக்காம கயிறு போட்டது. போடச் சொன்னது டீச்சர், போட்டது நான். ரெண்டு பேரும் கையெழுத்துப் போடணும்."

சொல்லிக்கொடுப்பதையெல்லாம் பிள்ளைகள் அப்படியே செய்துவிடக்கூடும் என்று, பயிற்சி கொடுக்கிறவர்களுக்கு யாராவது முதலிலேயே ஒரு பயிற்சி கொடுத்தால் நல்லது.