கேரல் வாரத்துக் கொட்டாவி

என் மகளுக்குப் பதினைந்து வயது. அவளுக்கு உற்சாகமும் சோர்வும் எல்லை மீறி மாறி மாறி வரும் இருமுனைக் கோளாறு என்று போன வருடம் மருத்துவர் சொன்ன நாளிலிருந்து, அவள் சிரித்தால் எனக்குப் பயம். அழுதால் அதைவிட. இரண்டும் செய்யாமல் சும்மா இருந்தால், எதை மறைக்கிறாள் என்று யோசிப்பேன்.

படித்தவள் என்பதால் படித்துத் தொலைத்தேன். மூளையின் முன்பகுதிதான் கடைசியாக முதிருமாம். நம் வேகத்துக்குப் பிரேக் அதுதான். இந்த நோய் உள்ள பிள்ளைகளிடம் அந்தப் பிரேக்கும் உணர்ச்சியைக் கிளப்பும் பகுதியும் இணையும் விதம் சற்று வேறாக இருக்கலாமாம். மூளைக்கு நல்லதென்று வாரம் முழுக்க மீன் சமைத்தேன். "மா, என் மூளை இப்ப நீந்துது," என்றாள்.

மலேசியாவில் எங்கள் ஊரான உலு திராமில் சபை இளைஞர்கள் டிசம்பரில் வீடு வீடாகக் கிறிஸ்துமஸ் கேரல் பாடப் போவார்கள். கடைசி வீட்டில் சாப்பிட்டு முடிக்க நள்ளிரவு தாண்டிவிடும். போன டிசம்பரில் அவள் மருத்துவமனையில் இருந்தாள். இந்த முறை போயே தீருவேன் என்றாள். தூக்கம் கெட்டால் நோய் தலைதூக்கும் என்பது எங்கள் இருவருக்குமே தெரியும்.

கேரல் வாரம் பார்த்து, விடியும் முன்பே எழுந்து பண்டிகைப் பலகாரமான அன்னாசி டார்ட் சுட்டாள். படபடவென்று பேசினாள். குளியலறையிலும் பாட்டு. நோய் கிளம்பும் அறிகுறியோ என்று நான் பயந்துபோய் ஜோகூர் பாருவுக்கு மருத்துவரிடம் கூட்டிப் போனேன்.

நான் மூச்சுவிடாமல் சொன்னதையெல்லாம் அந்த டாக்டரம்மா கேட்டுவிட்டு மகளிடம் திரும்பினார்.

"டாக்டர், அம்மாதான் சரியா தூங்கல. நிறுத்தாம பேசுறாங்க. ஆன்லைன்ல கர்ட்டனா வாங்கித் தள்ளுறாங்க. இந்த வாரம் எங்க சர்ச்சுல எல்லாருக்கும் இப்படித்தான் லா. பாஸ்டரும் பாத்ரூம்ல பாடுறாராம்."

நான் தூங்காதது உண்மை. அவள் தூங்குகிறாளா என்று கதவோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

மருத்துவர் சிரித்தார், ஆனால் விட்டுவிடவில்லை. சீக்கிரம் எழுந்த நாட்களில் மதியம் கொட்டாவி விடுகிறாளா என்று என்னைக் கேட்டார். சாப்பாட்டு மேசையிலேயே சாய்ந்துவிடுகிறாள் என்று ஒப்புக்கொண்டேன். நோய் கிளம்பும்போது பெரும்பாலும் தூக்கமே தேவைப்படாததுபோல் இருக்கும், இவளுக்குத் தூக்கம் வருகிறதே என்றார். மூளை இன்னும் வளர்ந்துகொண்டிருக்கிறது. அதற்கு மருந்தும் தூக்கமும் வேண்டும், சிநேகிதர்களும் வேண்டும். பத்து மணிக்குப் படுக்கையில் இருந்தால் கேரலுக்குப் போகலாம். நான் காரில் பின்தொடரக் கூடாது என்றார். எங்கே நிறுத்துவது என்று அதற்குள் நான் யோசித்து வைத்திருந்தது அவருக்கு எப்படித் தெரிந்ததோ.

பத்து மணிக்குள் எப்படித் திரும்புவாள் என்று நான் குழம்பிக்கொண்டிருக்க, அவளே இளைஞர் குழுவில் பேசி மூன்றாவது வீடாக எங்கள் வீட்டைப் போட்டுவிட்டாள்.

ஒன்பது மணிக்கு அவர்கள் வந்தார்கள். முன்வரிசையில் நின்று என்னைப் பார்த்தபடியே பாடினாள். டார்ட் டப்பாக்களைக் காலி செய்துவிட்டு மற்றவர்கள் அடுத்த வீட்டுக்குக் கிளம்ப, இவள் வாசலில் நின்று கையசைத்தாள். பிறகு என் பக்கம் திரும்பி, வாயை அகலத் திறந்து ஒரு கொட்டாவி விட்டாள்.

"பாத்துக்கிட்டீங்களா மா? போய்த் தூங்குங்க."

அது வந்த கொட்டாவியா, எனக்காக வரவழைத்ததா என்று இன்னும் சந்தேகம்தான். ஆனால் அன்று நான் கதவோரம் போய் நிற்கவில்லை.