கரும்பலகையில் திரும்பி வந்த கோடுகள்

பள்ளிக்கூடம் துப்புரவாக்கிற வேலையில் சேற்றைவிடக் கரைச்சல் தருவது வெண்கட்டிதான். ஈரத்தில் ஒளித்திருந்துவிட்டு, காய்ந்ததும் திரும்பி வரும். வாளியும் துணியுமாகத் திரிகிற உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை.

முதல் புள்ளடி

எங்கட ஜெர்மன் நகரத்தில் தேர்தல் முறையை மாற்றலாமா என்று மக்களிடமே கேட்டார்கள். கட்சி தருகிற பட்டியலுக்கு வாக்குச்சீட்டில் புள்ளடி போடாமல், பிடித்த ஆக்களுக்கே போடுகிற முறை. ஜெர்மன் பாஸ்போர்ட் கிடைத்தபிறகு எனக்கு அதுதான் முதல் வாக்கு. கூச்சத்தில் வெளியே நின்று நின்று, கதவு பூட்டப்போகிற நேரம் ஓடிப்போய், மாற்றலாம் என்று "ஓம்" போட்டேன். நான் துடைக்கிற அதே வகுப்பறையில்தான்.

அடுத்தநாள் விடிய, இரவு எண்ணினவர்கள் கரும்பலகையில் குறித்த "ஓம்" வாக்குகள் ஐந்தைந்து கோடாக நின்றன. கடைசிக் கோடு என்னுடையது என்று நானே வைத்துக்கொண்டேன். துடைத்தேன். காய்ந்ததும் எல்லாக் கோடும் திரும்ப வந்தன. கூட வேலை செய்கிற யோகா அக்கா எட்டிப் பார்த்தார். "விடு பிள்ளை, வெண்டது உங்கட "ஓம்" தானே. நிண்டுட்டுப் போகட்டும்."

பேப்பர்

அதன்பிறகு எத்தனை தரம் துடைத்தாலும் கோடுகள் மங்கலாக வந்துகொண்டே இருந்தன. புது முறையில் ஒரு தேர்தல்கூட நடக்கவில்லை. அதற்குள் நகரப் பாராளுமன்றத்தில் இருக்கிறவர்கள் அதைத் தங்களுக்கு ஏற்ற மாதிரி மாற்றிவிட்டார்கள். மக்கள் சொன்னது அவர்களைக் கட்டுப்படுத்தாதாம். கட்டடத்துக்குப் பொறுப்பான ஹவுஸ்மைஸ்டர்தான் பேப்பரோடு வந்து சொன்னார். "கேட்பார்கள். கேட்டதாக எழுதியும் வைப்பார்கள். அவ்வளவுதான்."

மகள் எண்ணினது

அந்தக் கிழமை கிண்டர்கார்டன் பூட்டு. மகளையும் வேலைக்குக் கூட்டிப்போனேன். அவளுக்கு ஐந்துவரைக்கும்தான் எண்ண வரும். பலகை காயக் காய, விரலால் தொட்டுத் தொட்டு எண்ணிக்கொண்டு போனாள். கடைசி ஐந்து கோட்டுக்கு வந்ததும் விரல் நின்றுவிட்டது. திரும்பி என்னைப் பார்த்தாள். "அம்மா, இதில மட்டும் நாலுதான் இருக்கு."

இரண்டாம் தரம்

பிறகு, இப்படி மக்கள் எடுக்கிற முடிவு பாராளுமன்றத்தைக் கட்டுப்படுத்த வேண்டுமா என்றே வாக்குக் கேட்டார்கள். வாக்குப் போடுகிற நாள் யோகா அக்கா டெலிபோனில் ஏசினார். "எடியே, உன்ர கோட்டை வேற ஆரும் போட ஏலாது!" சப்பாத்தைப் போட்டேன், கழற்றினேன். அந்த நாலு கோடு கண்ணுக்குள்ளேயே நின்றது. இதுவும் காணாமல் போகும் என்று பயம். வாக்குப் போட நான் போகவில்லை.

"ஓம்" தான் கூட விழுந்தது. ஆனால் வாக்குப் போட வந்த ஆக்கள் சட்டம் கேட்கிற அளவுக்குக் காணாதாம், தோற்றுவிட்டது. விடிய, புதுக் கோடுகள் நின்ற அதே பலகையில் ஒரேயொரு தரம் துணி போட்டேன். காயும்வரை காத்து நின்றேன். ஒன்றும் வரவில்லை. பழைய கோடுகளும் இல்லை. ஹவுஸ்மைஸ்டர் விரலால் இழுத்துப் பார்த்தார். "இன்றைக்குத்தான் சுத்தமாகத் துடைத்திருக்கிறீர்கள்."

இத்தனை வருசத் துடைப்பில் எனக்குக் கிடைத்த ஒரே பாராட்டு, நான் போடாத கோட்டுக்குத்தான்.