பதினாலாம் நம்பர் துண்டு

இதில் ஒரு வரிகூட என் கற்பனை இல்லை. கடவுளுக்குப் பயந்தவன் நான். பொய் சொல்லி உங்களைப் பயமுறுத்தி எனக்கு ஆகப்போவது ஒன்றுமில்லை. நம்பாதவர்கள் வீட்டுக்கு வரலாம். அந்தத் துண்டு இன்னும் என் அலமாரியில்தான் இருக்கிறது.

அது ஆஸ்பத்திரி விரிப்புகளைத் துவைக்கும் சலவைக்கூடம். பாய்லர் பார்க்க வெளியூரிலிருந்து போய்ச் சேர்ந்தேன். தொழிலாளிகள் டீக் குவளை மாட்ட, சுவரில் நம்பர் போட்ட கொக்கிகள் இருந்தன. பதினாலோடு வரிசை முடிந்தது. அதற்கு அடுத்து, காரை பெயர்ந்து ஒரு ஓட்டை. பதினாலில் தொங்கிய எனாமல் குவளைக்கு ஆள் கிடையாது. ஆனால் அது காலியாக இருந்ததும் இல்லை. போகிறவன் வருகிறவன் எல்லாம் அதில் காறித் துப்புவான். சாயங்காலத்தில் மஞ்சளும் பச்சையுமாகக் கொழகொழவென்று விளிம்புவரை நிற்கும்.

அதைக் கழுவும் வேலையை இஸ்திரி போடுகிறவன் தலையில் கட்டியிருந்தார்கள். அந்த ஊர்ப் பையன்தான்; இருபத்தாறு வயது. மென்மையான குரல் என்பதால் மைனா என்று பட்டப்பெயர்.

"போடி மைனா, உன் புருஷன் கப்பைக் கழுவு" என்பார் மேஸ்திரி. கூடமே சிரிக்கும்.

குவளையைவிட அந்தச் சிரிப்புதான் எனக்குக் குமட்டியது. அன்றே அதை அவன் கையிலிருந்து வாங்கினேன். வெந்நீரில் சோப்புத்தூள் போட்டு நானே தேய்த்தேன்.

"வந்துட்டார்யா மாப்பிள்ளை!" என்றார் மேஸ்திரி.

"யாரோட கப்பா இருந்தா என்ன? சுத்தமா இருக்கட்டும்" என்றேன்.

தினமும் கழுவினேன். கழுவி, துடைத்து, முகம் தெரியாத அந்த ஆளுக்காக ஒரு நொடி கண்ணை மூடி வேண்டிக்கொண்டு மாட்டுவேன்.

பிறகு என் சட்டைக் காலர்கள் விறைப்பாயின. கேட்காமலே இஸ்திரி போட்டு வைப்பான் மைனா. அவன் விரலில் சூடு பட்டால் மருந்து தடவுவேன். ஒரு நாள் தடவி முடித்த பிறகும் நான் கையை எடுக்கவில்லை. அவனும் இழுத்துக்கொள்ளவில்லை.

"சனிக்கிழமை காலையில பஸ் ஏறிடலாமா, பாய்லரு?"

"ஏறிடலாம்."

யாரோ கேட்டுவிட்டார்கள் போல.

வெள்ளிக்கிழமை. மாலை 5.40. பாய்லரை அணைத்துவிட்டு வந்தேன். இஸ்திரி மேசையில் ஆள் இல்லை. விரிப்பு ஒன்று கருகிக்கொண்டிருந்தது. பக்கத்தில் அவனுடைய இன்ஹேலர். ஆஸ்துமாக்காரன், அது இல்லாமல் பத்தடி நகரமாட்டான். அதை எடுத்துக்கொண்டேன்.

வாசலில் மேஸ்திரியும் இரண்டு பேரும் பல்லைக் குத்திக்கொண்டு நின்றார்கள்.

"மைனா எங்க?"

"பொண்ணை முதலிரவு ரூமுக்கு அனுப்பியாச்சு. சாவி திங்கக்கிழமை தர்றோம்."

பின்பக்கம் ஓடினேன். அழுக்கு ரூம். துவைக்காத விரிப்புகளைக் கொட்டும் இடம். ஜன்னல் கிடையாது.

5.48. ஸ்பேனரால் பூட்டை உடைத்தேன்.

நாற்றம் முகத்தில் அறைந்தது. பழைய ரத்தம், சீழ், மூத்திரம். உள்ளே ஒரே இருட்டு. காலடியில் ஏதோ வழுக்கியது... விரல்களுக்கு நடுவே ஈரமாகப் பிதுங்கியது.

"மைனா!"

மூச்சுச் சத்தம் மட்டும்.

ஹீ... ஹீ... அது அவனுடைய இழுப்பு. எனக்குத் தெரியும்.

அதன் கூடவே இன்னொரு மூச்சு.

சற்றுத் தள்ளி... மூன்றாவது.

"பாய்லரு..." மெல்லிய குரல். "கையை விட்டுடாத."

"நான் இன்னும் கதவுகிட்டதான் நிக்கிறேன்..."

"அப்ப... இது யாரு?"

அவன் குரல் இன்னும் தாழ்ந்தது.

"இந்தப் பக்கம் ஒருத்தர். அந்தப் பக்கம்... ஒருத்தர்."

பிடரி மயிர் சிலிர்த்தது. ஆனாலும் நுழைந்தேன். தடவித் தடவி அவன் தோளைப் பிடித்தேன். இழுத்தேன். யாரும் தடுக்கவில்லை.

5.53. வெளிச்சம். இன்ஹேலரை அவன் வாயில் வைக்கப் போனேன். முகத்தை ஒரு துண்டு மூடியிருந்தது. வெள்ளைத் துண்டு. ஈரம். சோப்பு வாசனை. அந்த நரகத்திலிருந்து வந்த துணியில் ஒரு பொட்டு அழுக்கு இல்லை. ஓரத்தில் மையால் எழுதிய நம்பர்: 14.

மறுநாள் காலை 6.30, பஸ் ஸ்டாண்ட். துணிகளுக்கு மையால் நம்பர் எழுதும் அக்கா வழியனுப்ப வந்தார். என் பையில் தெரிந்த அந்தத் துண்டை வெளியே எடுத்தார். ஓரத்து நம்பரைத் தடவினார்.

"இது எங்க கிடைச்சுது?"

சொன்னேன். அப்படியே பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார்.

"ஏழு வருஷத்துக்கு முன்னால பதினாலும் பதினஞ்சும் உங்களை மாதிரிதான் இருந்தாங்க. இதே மேஸ்திரிதான் விளையாட்டுன்னு அந்த ரூம்ல பூட்டினான். நடுவுல ரெண்டு நாள் லீவு... திறக்குறப்ப ரெண்டு பேரும் போயிட்டாங்க. அப்புறம் பதினஞ்சாம் கொக்கியை அவனே பிடுங்கி எறிஞ்சான். கப்புல முதல்ல துப்பினதும் அவன்தான்."

பக்கத்தில் உட்கார்ந்து, அவர் கையிலிருந்த துண்டைக் காட்டினேன்.

"இந்தத் துண்டு?"

"என் கையெழுத்துதான் தம்பி. பதினாலோட முகத்தை மூடினதும் நான்தான்." துண்டை என் மடியில் வைத்தார். "இதோட சேர்த்துதான் புதைச்சோம். ஒரே குழியில... ரெண்டு பேரோட கையும் கோத்திருந்துச்சு. எவ்வளவு இழுத்தும் பிரிக்க முடியல."

மைனா மெதுவாகத் தன் கைகளை விரித்துப் பார்த்தான்.

இரண்டு உள்ளங்கைகளும் இன்னும் ஈரமாக இருந்தன.