பாதியில் நிறுத்திய தண்ணீர்

தாமோதரன் சார் காலமான செய்தி செவ்வாய்க்கிழமை காலை நம் பட்டறைக்காரர்கள் வாட்ஸ்அப் குழுவில் வந்தது. படத்துக்குக் கீழே "கணக்கில் பிழையே விடாத பொறியாளர்" என்று உங்களில் யாரோ எழுதியிருந்தீர்கள். படித்ததும் எனக்கு வந்தது அழுகையல்ல, ஆத்திரம்.

கெட்டிக்காரர்தான், மறுக்கவில்லை. ஓரிக்கையில் செய்த பால் தொட்டியில் ஊசிமுனைத் துளை ஒன்றைக் கண்டுபிடித்து, நான் வைத்த வெல்டிங் முழுவதையும் அறுக்கச் சொன்னார். "தொட்டியப் பாத்து நம்பாத சலீமு, பேப்பரப் பாரு. அடியிலதான் அழுத்தம் ஜாஸ்தி" என்றார். திட்டிக்கொண்டே அறுத்தேன். அன்று அவர் சொன்னது சரி.

சின்ன காஞ்சிபுரம் சாயப்பட்டறைத் தொட்டிக்கும் தகட்டின் கனத்தை அவர்தான் கணக்குப் போட்டுக் கொடுத்தார். நான் செய்து நிறுத்தினேன். தண்ணீர் விட்டுச் சோதித்தபோது, கையிலிருந்த தாளைப் பார்த்தவர் பாதியில் முகம் வெளுத்து, "நிறுத்துபா, நிறுத்து!" என்று கத்தினார். முதலாளி ஓடி வந்தார். "வெல்டிங் சரியில்ல சார், நம்பி நிரப்ப முடியாது" என்று அவரிடம் சொன்னார் தாமோதரன் சார். என் பக்கம் திரும்பவேயில்லை.

அவர் விட்டுவிட்டுப் போன தாளை எடுத்து வந்து நானே கணக்குப் போட்டேன். தொட்டியின் விட்டத்தைப் போடவேண்டிய இடத்தில் ஆரத்தைப் போட்டிருந்தார். அதனால் தகடு தாங்கவேண்டிய இழுப்பு பாதியாகத் தெரிந்திருக்கிறது. நாலு மடங்கு பாதுகாப்பு என்று எழுதிய தொட்டிக்கு உண்மையில் இருந்தது இரண்டு மடங்குதான்; துரு அரித்தால் அதுவும் மிஞ்சாது. மறுநாள் அவரிடமே காட்டினேன். படித்தார். மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

"இதப் பேசிக்கினு திரியாதபா. உனக்கு வேற வேல வாங்கித் தரேன்."

அப்புறம் மூன்று வருஷம் எந்தச் சாயப்பட்டறைக்காரரும் என்னைக் கூப்பிடவில்லை. தண்ணீரை நிறுத்தி உயிர்களைக் காப்பாற்றினாரே என்பீர்கள். நிறுத்தினார், அதற்கு நன்றி. என் பேரைக் கெடுத்ததற்கு மன்னிப்பு கிடையாது, செத்தாலும் கிடையாது.

போன மாதம் கூரத்தில் ஓர் எண்ணெய்த் தொட்டிக்கு நானே தகட்டின் கனத்தைத் தவறாகக் குறைத்துக் கணக்குப் போட்டுவிட்டேன். பழியை என்னிடம் வேலை செய்யும் வெல்டர் குமார் மேல் போட வாய் வரை வந்தது. எல்லோர் எதிரிலும் முதலாளியிடம் சொன்னேன்: "தப்பு என்னுதுங்க. இவன் வேல சுத்தம்." ஆர்டர் கைவிட்டுப் போய்விட்டது. தாமோதரன் சாரிடமிருந்து நான் வைத்துக்கொண்டிருப்பது, அவர் எனக்காகச் சொல்லாமலே போய்விட்ட அந்த வார்த்தைகளைத்தான்.