பொம்மைக்குப் பால் கொடுத்த வகுப்பு

தொண்ணூறுகளின் கடைசியில், திருவனந்தபுரத்தில் ஒரு பிரசவ வார்டில் தமிழ்த் தாய்மார்களுக்கு வகுப்பு எடுப்பது என் வேலை. நர்ஸ்கள் மலையாளத்தில் சொல்வதை நான் தமிழில் சொல்ல வேண்டும். கையில் ஒரு ரப்பர் பொம்மை, சுவரில் ஒரு படம். படத்திலிருந்த அம்மா குழந்தையை அணைத்துச் சிரித்துக்கொண்டிருப்பாள். முந்தானை இழுத்துப் போர்த்தியிருக்கும். தெரிய வேண்டியதெல்லாம் அந்த முந்தானைக்குள்தான் இருந்தது. யாருக்கும் அது உறைக்கவில்லை. எனக்கும்தான்.

பால் கொடுக்கும்போது வரும் வலியைப் பற்றி மூச்சு விடக்கூடாது என்பது வார்டின் தலைமை நர்ஸான பெரிய சிஸ்டரின் கட்டளை. சொன்னால் பயந்துபோய் டப்பாப் பால் வாங்கிவிடுவார்களாம். தாய்ப்பால் அமுதம், சீம்பாலைப் பீய்ச்சிக் கொட்டாதீர்கள் என்பதோடு நிறுத்திக்கொள்வேன். துணைக்கு இருக்கும் மாமியார்களையும் அம்மாக்களையும் வகுப்பு நேரத்தில் வெளியே தள்ளிக் கதவைச் சாத்துவார்கள். வீட்டுக்குப் போனபின் அந்தப் பெண்கள் யார் பேச்சைக் கேட்பார்கள் என்று யோசிக்க ஒருவருக்கும் மூளை இல்லை.

சாலை என்ற கடைத்தெருவில் மூட்டை சுமப்பவரின் மனைவி ஒருத்தி, தலைப்பிரசவம், சிசேரியன். முதல் வரிசையில் உட்கார்ந்து எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள். ஐந்தாம் நாள் அவள் கட்டிலருகே போனேன். குழந்தை தொண்டை கட்டக் கத்திக்கொண்டிருந்தது. மல்லிகை வாசனை தூக்கியது. அவள் தலையிலோ பூ இல்லை. ஜாக்கெட்டை விலக்கிப் பார்த்தால், இரண்டு மார்பிலும் மல்லிகைச் சரத்தை வைத்துத் துணியால் இறுக்கியிருந்தது. குழந்தை செத்துப்போனால் பால் வற்றுவதற்குச் செய்கிற வைத்தியம் அது.

எனக்கு ரத்தம் கொதித்தது. கட்டியது மாமியார். வார்டே திரும்பிப் பார்க்கும்படி அவரைத் திட்டித் தீர்த்தேன். அவர் அசையவில்லை.

“நேத்து பால் கட்டிப்போயி இவ துடிச்சா. சிஸ்டர்ட்ட கேட்டேன். கிளாஸ்ல எல்லாம் பறஞ்சாச்சுன்னு போயிட்டாங்க. கிளாஸுக்கு எங்கள விடலியே. எனக்குத் தெரிஞ்சதத்தான செய்ய முடியும்?”

பூவை அவிழ்த்தெறிந்தேன். வெந்நீரில் துணியை நனைத்து ஒற்றி, மெல்ல நீவி, கையால் கொஞ்சம் பீய்ச்சி, காம்பைச் சுற்றியுள்ள கறுப்பும் வாய்க்குள் போகும்படி குழந்தையைப் பிடிக்க வைத்தேன். மாமியாரைப் பக்கத்தில் நிறுத்தி ஒவ்வொன்றாகக் காட்டினேன். பெரிய சிஸ்டர் ஓடிவந்து, எல்லார் முன்னாலும் மார்பைத் திறந்துபோட்டு என்ன கூத்து இது என்று கத்தினார். பொம்மைக்குப் பால் கட்டாது சிஸ்டர் என்றேன்.

குழந்தை இழுத்துக் குடித்தது. அவள் பல்லைக் கடித்துக்கொண்டு என் கையைப் பிடித்திருந்தாள். விழுங்கும் சத்தம் கேட்ட பிறகுதான் பேசினாள்.

“இப்பிடி வலிக்கும்னு நீங்க சொல்லவே இல்லியே சேச்சி. எனக்கு மட்டும்தான் இப்பிடின்னு நெனச்சேன். வெக்கப்பட்டு மொதல்ல ரெண்டு நாளு அத்தகிட்டகூடச் சொல்லல.”

பெரிய சிஸ்டரைத் திட்ட வாய்க்குள் வைத்திருந்ததெல்லாம் எனக்கே பொருந்தியது.