வெள்ளிக்கிழமை மட்டும் செத்துப்போகும் கம்ப்யூட்டர்

1. டாக்டர் வந்துட்டாரு

"வந்துட்டாருய்யா வெள்ளிக்கிழமை டாக்டர்! பேஷன்ட் உள்ள படுத்திருக்கு, போய்ப் பாரு."

மலேசியாவில், கிள்ளானில் ஒரு ஃபார்வர்டிங் கம்பெனி. கப்பலில் வரும் சரக்குக்குச் சுங்கப் பத்திரம் அடித்து, போர்ட்டிலிருந்து வெளியே எடுத்துக் கொடுக்கிற வேலை. அதன் முதலாளி தனபாலன் என்னை இப்படித்தான் வரவேற்பார். அவருடைய லோரி டிரைவர்கள் சிரிப்பார்கள். நானும் சேர்ந்து சிரிப்பேன். ஒரே கம்ப்யூட்டருக்கு நாலு வெள்ளிக்கிழமை வைத்தியம் பார்த்துத் தோற்றவனுக்கு ரோஷம் எதற்கு?

அது தொண்ணூறுகளின் பின்பாதி. நான் பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு கம்ப்யூட்டர் கடையில் டெக்னீஷியன். டெக்னீஷியன் என்றால் அப்போது ஒரு ஸ்க்ரூடிரைவர், ஒரு பென்சில் ரப்பர், நிறைய வாய். ரப்பர் எதற்கு என்று இப்போது தொழிலுக்கு வருகிறவர்கள் கேட்பீர்கள். ரேமைக் கழற்றி, அதன் முனையை ரப்பரால் தேய்த்து, மறுபடி மாட்டுவோம். பாதிக் கோளாறு அதிலேயே போய்விடும். மீதிப் பாதிக்குத்தான் வாய்.

தனபாலனின் மெஷின் மற்ற நாளெல்லாம் குதிரை மாதிரி ஓடும். வெள்ளிக்கிழமை மதியச் சாப்பாடு முடிந்து எல்லாரும் திரும்பி வந்தால் உறைந்து நிற்கும். திரையில் படம் இருக்கும், மவுஸ் அசையாது. நம்லாக் பட்டனை அழுத்தினால் விளக்கு மாறாது. எங்கள் தொழிலில் நாடி பார்ப்பது அப்படித்தான். விளக்கு மாறவில்லை என்றால் ஆள் போயாச்சு. ஆஃப் பண்ணி ஆன் பண்ணினால் உயிர் வரும், ஆனால் பாதி அடித்து வைத்த பத்திரம் காணாமல் போயிருக்கும். வெள்ளி மாலைக்குள் பத்திரம் போகாவிட்டால் கொண்டெய்னர் சனி, ஞாயிறு இரண்டு நாளும் போர்ட்டிலேயே படுத்துக்கொண்டு வாடகை தின்னும்.

நானும் சும்மா இருக்கவில்லை. ரப்பர் போட்டுத் தேய்த்தேன். பவர் சப்ளையை மாற்றினேன். விண்டோஸை அழித்து மறுபடி ஏற்றினேன். நாலாவது வாரம் ஒன்றும் தோன்றாமல், கரண்டைக் குறை சொன்னேன், கூரையில் ஓடும் எலியையும் சேர்த்துக்கொண்டேன். ஒவ்வொரு தடவையும் பெட்டியின் முதுகைத் தட்டி, "இனிமே நிக்காது பாஸ்" என்று சொல்லிவிட்டுத்தான் கிளம்புவேன். அடுத்த வெள்ளிக்கிழமை போன் வரும்.

2. பேனா இல்லை

ஐந்தாவது வெள்ளிக்கிழமை தனபாலனே காரணத்தைக் கண்டுபிடித்து வைத்திருந்தார்.

வெள்ளிக்கிழமை தொழுகைக்காக மதிய இடைவேளை நீளம். பன்னிரண்டரைக்கு மூடினால் இரண்டே முக்காலுக்குத்தான் திறப்பார்கள். முஸ்லிம் ஊழியர்கள் மசூதிக்குப் போவார்கள். மற்றவர்கள் வீட்டுக்கோ பாசாருக்கோ போவார்கள். ஆபீசிலேயே தங்குவது தேவகி மட்டும்தான். அந்தக் கம்ப்யூட்டரில் பத்திரம் அடிக்கிறவள். ஜெஞ்சாரோமிலிருந்து பஸ்ஸில் வருகிறாள், வீட்டுக்குப் போய்வர முடியாது.

"தனியா இருக்கிறது யாரு? இவ. மெஷின் சாகுறது எப்போ? அப்பதான். இதுக்கு மேல என்ன லா ப்ரூஃப் வேணும்? கேம்ஸ் விளையாடியே கொன்னுட்டா!" என்றார் தனபாலன், டிரைவர்கள் அத்தனை பேர் முன்னிலையிலும்.

"நான் தொடவே இல்ல பாஸ்," என்றாள் தேவகி. "ஒண்ணுமே பண்ணல. சோறு சாப்பிட்டேன். மேசையில தலையைச் சாய்ச்சேன். அவ்வளவுதான்."

"அப்ப பேய் வந்து தொட்டுச்சா?"

"பேய் வந்திருந்தா ரெண்டு பத்திரம் அடிச்சுக் குடுத்திருக்கும் பாஸ். நான் திட்டு வாங்குறதாவது மிச்சமாகியிருக்கும்."

டிரைவர்கள் சிரித்துவிட்டார்கள். அந்தச் சிரிப்பு அவளுக்கு வினையாகப் போயிற்று. "இந்த மாசத்தோட நீ நின்னுக்கோ" என்று சொல்லிவிட்டார் தனபாலன்.

பிறகு என்னை ஓரமாகக் கூப்பிட்டார். "தம்பி, மெஷின் நல்லா இருக்கு, அடிக்கிற ஆளுதான் கெடுக்குதுன்னு ரெண்டு வரி எழுதிக் குடுத்துடு. சும்மா நிப்பாட்டினா லேபர் ஆபீசுக்குப் போயிடுவா. வாய்க்காரி."

என் முதலாளி ராஜசிங்கத்துக்குப் போன் போட்டேன். யாழ்ப்பாணத்துக் குடும்பம். திட்டினாலும் மரியாதையாகத் திட்டுவார்.

"எழுதிக் குடுத்திட்டு வாரும் ஐசே. ஆளின்ர பிழை எண்டால் எங்களுக்கு வாரண்டி இல்லை. நல்லதுதானே."

"பேனா இல்ல பாஸ்."

"பக்கத்தில இரவல் வாங்கும்."

"வாங்கினாலும் எழுத மாட்டேன் பாஸ்."

எனக்கே வாய் பிளந்துவிட்டது. அதுவரை அவரை எதிர்த்து நான் சொன்ன மிகப் பெரிய வசனம், குடிக்கிற கொப்பியில் சீனி பத்தவில்லை என்பதுதான்.

"எதனால நிக்குதுன்னு எனக்கே தெரியல பாஸ். மெஷினைப் பத்தித் தெரியாத எனக்கு, அவ தப்புன்னு மட்டும் எப்படித் தெரியும்?"

"புதன்கிழமைக்குள்ள காரணத்தைக் கொண்டு வாரும்," என்றார் ராஜசிங்கம். "இல்லாட்டி நீரும் அந்தப் பிள்ளையோட சேர்ந்து ஜெஞ்சாரோம் பஸ் ஏறலாம்."

3. சும்மா இருக்கும் வேலை

வீராப்பு பேசியாயிற்று. கையில் காரணம் ஒன்றும் இல்லை.

மெஷினை ஆஃப் பண்ணப் போனபோதுதான் திரையின் மூலையைப் பார்த்தேன். அங்கே இருந்த கடிகாரம் ஒன்றரையில் நின்றிருந்தது. நான் போனது மூன்று மணிக்கு மேல். நாலு வாரமும் அது அங்கேதான் நின்றிருக்க வேண்டும். நான் வந்ததும் வராததுமாக ஸ்க்ரூடிரைவரை உருவுகிறவன், கடிகாரம் எங்கே பார்த்தேன்?

பன்னிரண்டரைக்கு விட்டுப் போனார்கள். ஒன்றரைக்குச் செத்திருக்கிறது. அந்த ஒரு மணி நேரம் என்ன நடந்தது? தேவகி ஐந்து வாரமாக அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தாள். ஒண்ணுமே பண்ணல. ஒருவேளை அதுதான் காரணமோ? மற்ற நாளில் சாப்பாட்டு நேரம் குறைவு, ஒரு மணி நேரம் ஆவதற்குள் யாராவது ஒரு பட்டனைத் தட்டிவிடுவார்கள். சாயங்காலம் ஆஃப் பண்ணிவிட்டுப் போகிறார்கள். தொடாமல் அவ்வளவு நேரம் விடுவது வெள்ளிக்கிழமை மட்டும்தான். நான் வந்தால் நோண்டிக்கொண்டே இருப்பேன், அது ஓடிக்கொண்டே இருக்கும். என் கைராசி என்று நான் வேறு நினைத்துக்கொண்டேன்.

புதன்கிழமை காலையில் போய் மெஷினை ஆன் பண்ணி, கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். தேவகியைப் பழைய டைப்ரைட்டருக்கு அனுப்பினேன்.

"என்ன பண்றே?" என்றார் தனபாலன்.

"ரிப்பேர் பண்றேன் பாஸ்."

"சும்மா உக்காந்திருக்கே!"

"அதான் பாஸ் ரிப்பேர்."

அரை மணி நேரம் பொறுத்தார். பிறகு வந்து மவுஸை ஆட்டி, "உயிரோடதானே இருக்கு!" என்றார். போச்சு. முதலிலிருந்து எண்ண வேண்டும்.

இரண்டாவது தடவை முக்கால் மணி தாண்டியது. அப்போது கீபோர்டில் தூசி இருப்பதைப் பார்த்து ஒரு கை நீண்டு துடைத்தது. யாருடைய கை என்று திரும்பிப் பார்த்தேன். என்னுடையது.

தேவகி எழுந்து வந்தாள். காலி பிஸ்கட் டின்னைக் கீபோர்டின் மேல் வைத்தாள். மவுஸைத் தூக்கி அதற்குள் போட்டாள். "அண்ணே, கையைப் பாக்கெட்ல போடுங்க. பாஸ், நீங்களும்தான்."

இருவரும் போட்டுக்கொண்டோம். அதன் பிறகு அந்தப் பக்கம் ஈகூட வரவில்லை. டிரைவர்கள் லோரியை விட்டுவிட்டு வாசலில் வந்து நின்றார்கள், நாலு எண் லாட்டரி டிக்கெட் முடிவுக்குக் காத்திருப்பது போல.

திரைக் கடிகாரம் நின்றது. சுவர்க் கடிகாரம் போய்க்கொண்டே இருந்தது. டின்னைத் தூக்கிவிட்டு நம்லாக்கை அழுத்தினேன். விளக்கு மாறவில்லை. நட்ட நடுப் புதன்கிழமை, முதலாளியின் கண்ணெதிரில், ஒருவரும் தொடாமல், அந்த மெஷின் தானாகச் செத்தது. என் வாழ்க்கையில் ஒரு சாவுக்கு நான் கை தட்டியது அன்றைக்குத்தான்.

மறுபடி ஆன் பண்ணி, டிலீட் பட்டனை அமுக்கி, மெஷினின் அடிப்படை அமைப்புகள் இருக்கும் பயாஸுக்குள் போனேன். பவர் மேனேஜ்மென்ட் என்று ஒரு பக்கம். ஒரு மணி நேரம் யாரும் தொடாவிட்டால் கரண்டை மிச்சம் பிடிக்க மெஷினைத் தூங்க வை என்று தொழிற்சாலையிலேயே அமைத்து அனுப்பியிருந்தார்கள். அதற்குத் தூங்கத் தெரிந்தது, எழுந்திருக்கத் தெரியவில்லை. இந்த வசதிக்காகத்தான் எங்கள் கடை ஒவ்வொரு பெட்டியின் நெற்றியிலும் பச்சை இலை ஸ்டிக்கர் ஒட்டி, பெருமையாக விற்றது. அதை டிஸேபிள் பண்ணினேன். மாற்றிய பவர் சப்ளை, அழித்த விண்டோஸ், பழி சுமந்த எலி, எல்லாவற்றுக்கும் விடை இந்த ஒரே வரி.

4. எல்லார் முன்னாலயும்

"சரி சரி, முடிஞ்சுதுல்ல, வேலையைப் பாருங்க," என்றார் தனபாலன். "தேவகி, நீயும் இருந்துக்கோ லா."

தேவகி உட்காரவில்லை. "அன்னிக்கு எல்லார் முன்னாலயும் சொன்னீங்க பாஸ். இதையும் எல்லார் முன்னாலயும் சொல்லிடுங்க."

"என்ன சொல்லணும்?"

"நான் தொடலைன்னு."

தனபாலன் என்னைப் பார்த்தார். நான் பிஸ்கட் டின்னை எடுத்து மறுபடி கீபோர்டின் மேல் வைத்தேன். "சொல்லுங்க பாஸ். அது வரைக்கும் டின் இங்கதான் இருக்கும்." குரல் கம்பீரமாகத்தான் வந்தது.

அவர் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டு முணுமுணுத்தார். "தேவகி தொடல."

"கேக்கல பாஸ்!" என்றது வாசலிலிருந்து ஒரு டிரைவர் குரல்.

"தேவகி தொடலய்யா!"

தேவகி டின்னை எடுத்துவிட்டு உட்கார்ந்து பத்திரம் அடிக்க ஆரம்பித்தாள்.

ராஜசிங்கம் என்னை வேலையை விட்டு நிறுத்தவில்லை. "மெஷின்ர பிழையை வாடிக்கையாளருக்கு முன்னால நிரூபிச்ச முதல் ஆள் நீர்தான் ஐசே," என்று சொல்லி, கடையில் இருந்த அத்தனை பெட்டியிலும் பச்சை இலையைச் சுரண்டச் சொன்னார். ரப்பர் அதற்கும் உதவியது.

தொழிலுக்குப் புதிதாக வருகிறவர்களே, மெஷின் நின்றால் பக்கத்தில் யார் இருந்தார்கள் என்றுதான் முதலாளிகள் கேட்பார்கள். கேட்டுவிட்டுப் போகட்டும். ஒண்ணும் பண்ணலை என்று ஒருவர் சொன்னால், பொய் என்று முடிவு கட்டும் முன் ஒரு மணி நேரம் நீங்களும் ஒன்றும் பண்ணாமல் இருந்து பாருங்கள். நாங்கள் பார்த்த வேலையிலேயே கஷ்டமானது அதுதான். காரணம் தெரியாவிட்டால் தெரியவில்லை என்று சொல்லுங்கள். அடுத்தவர் மேல் எழுதச் சொன்னால், பேனா இல்லை.

அந்த வெள்ளிக்கிழமை மூன்று மணிக்குக் கடையில் போன் அடித்தது. ராஜசிங்கம் கண்ணாடிக்கு மேலே என்னைப் பார்த்தார். நான் ஸ்க்ரூடிரைவரைத் தேடிக்கொண்டே போனை எடுத்தேன்.

"அண்ணே, தேவகி பேசுறேன். மெஷின் முழிச்சுக்கிட்டுதான் இருக்கு. இன்னிக்கு நான்தான் தூங்கிட்டேன்."

"ஐயோ! பாஸ் பாத்துட்டாரா?"

"பாத்தாரு. அவருதான் எழுப்பினாரு. மெதுவா."